மண்ணுக்குள் இறங்கிய பெட்ரோல்

2013 ஜூலையில் வடசென்னை தண்டையார்பேட்டையின் சில தெருக்களில் மோட்டார் போட்டால் தண்ணீரோடு எண்ணெயும் ஏறி வந்தது. துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியம் கிடங்குக்கு எரிபொருள் கொண்டுவரும் குழாய் மண்ணுக்கடியில் கசிந்திருந்தது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. சென்னை ஐஐடி வல்லுநர்கள் ஆய்வில் இறங்கினார்கள். நிலத்தடியில் தேங்கிய எண்ணெயை மீட்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஓட்டையை அடைக்க அதிக நாள் ஆகாது. சிந்தியதை எடுக்க மட்டும் ஏன் இத்தனை காலம்?

தண்டையார்பேட்டையில் கசிந்தது குழாய். ஆனால் எரிபொருள் அதேதான், மண்ணுக்குள் அது நடந்துகொள்ளும் விதமும் அதேதான். நாடெங்கும் எண்பதாயிரத்துக்கும் அதிகமான பெட்ரோல் பங்குகளின் அடியில் டேங்குகள் புதைந்திருக்கின்றன. அவற்றில் எது எப்போது கசிந்தாலும் இதே கேள்விதான் எழும். உலகில் இந்தச் சிக்கலோடு நாற்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டிவரும் நாடு அமெரிக்கா; அங்கே கிடைத்த வெற்றிகளையும் தோல்விகளையும் தொடர்ந்து படித்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. இந்த வேலையில் பணமும் காலமும் பெரும்பாலும் கரைவது, எண்ணெய் எங்கே இருக்கிறது என்று சரியாகத் தேடாமலேயே சுத்தம் செய்யப் புறப்படுவதால்தான்.

கசிவின் கனம் புரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் பெட்ரோலில் பென்சீன் ஒரு விழுக்காடு வரை இருக்கலாம். அதாவது லிட்டருக்கு 10 மில்லி, எடையில் சுமார் 8.8 கிராம். குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அமெரிக்கா இன்னும் கறாராக 5 மைக்ரோகிராம் என்று வைத்திருக்கிறது. அந்த 8.8 கிராமும் முழுதாகக் கரைந்தால் சுமார் 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் தண்ணீர் அந்த எல்லையைத் தொட்டுவிடும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் எழுபது லாரிக்கு மேல். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இவ்வளவு. பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. மூக்கை நம்பியும் பயனில்லை: தண்ணீரில் பென்சீனின் வாடை தெரிய ஆரம்பிக்கும் அளவு, குடிக்கத் தகுந்த அளவைப் போல நூறு மடங்குக்கும் அதிகம்.

ஆவியின் ஆபத்து தனி. 1992 ஏப்ரல் 22 அன்று மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில், பெட்ரோல் குழாயிலிருந்து கசிந்தது சாக்கடைக்குள் சேர்ந்து வெடித்ததில் தெருக்கள் கிலோமீட்டர் கணக்கில் பிளந்தன. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பக்கத்தில் பதித்த தண்ணீர்க் குழாய் பெட்ரோல் குழாயின் மேல் உரசிக்கொண்டிருந்ததும், இரண்டு உலோகங்களுக்கு இடையே மின்வேதி அரிப்பு நடந்து துளை விழுந்ததும் பின்னர் தெரியவந்தது.

டேங்குகள் கெடுவதும் பெரும்பாலும் அரிப்பால்தான். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்கள் பெருகியபோது வெறும் எஃகுத் தொட்டிகளை லட்சக்கணக்கில் புதைத்தார்கள். ஈர மண்ணில் பாதுகாப்பின்றிக் கிடக்கும் எஃகு சில பத்தாண்டுகளில் பொத்துவிடும். எண்பதுகளில் அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கசியத் தொடங்கின. ஆராய்ந்தபோது தொட்டியைவிட அதோடு சேர்ந்த குழாய்களும் இணைப்புகளுமே அதிகம் கசிவது தெரிந்தது. இன்னொரு காரணம் மிகச் சாதாரணமானது. அளவு பார்ப்பதற்காகத் தினமும் உள்ளே விடும் டிப் ராடு, ஆண்டுக்கணக்கில் தொட்டியின் அடியில் ஒரே இடத்தில் குத்திக் குத்தி அந்த இடம் தேய்ந்து ஓட்டையாகிவிடும். இதற்காகவே இப்போது நிரப்பும் வாய்க்கு நேர் கீழே ஒரு தகடு வைக்கிறார்கள்.

அந்த டிப் ராடையே கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். காலையில் பங்க் ஊழியர் மூடியைத் திறந்து, பித்தளைக் கோலை இறக்கி, எடுத்து, நனைந்த கோட்டைப் படித்துப் பதிவேட்டில் எழுதுகிறார். விற்றதையும் இருப்பதையும் கூட்டிக் கழித்தால் கசிவு தெரிந்துவிடும் என்பது நம்பிக்கை. நொடிக்கு ஒரு சொட்டு கசிகிறது என்று வையுங்கள். ஒரு சொட்டு 0.05 மில்லி என்றால் நாளுக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல், ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேல். 2 மீட்டர் விட்டமும் ஆறரை மீட்டர் நீளமும் உள்ள 20,000 லிட்டர் தொட்டி பாதி நிரம்பியிருக்கும்போது ஒரு மில்லிமீட்டர் உயரம் என்பதே சுமார் 13 லிட்டர். ஆக, ஒரு நாள் கசிவு கோலில் காட்டும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எந்தக் கண்ணாலும் அதைப் படிக்க முடியாது. போதாக்குறைக்கு, வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே 20,000 லிட்டர் பெட்ரோலின் கன அளவு ஏறத்தாழ 20 லிட்டர் கூடும் அல்லது குறையும். அமெரிக்க விதிகளின்படி மாதாந்திரக் கண்காணிப்புக் கருவி மணிக்கு 0.2 காலன், அதாவது முக்கால் லிட்டர் கசிவைக் கண்டுபிடித்தால் போதும். நொடிக்கு ஒரு சொட்டு இதில் நான்கில் ஒரு பங்குதான். பதிவேடு சுத்தமாக இருப்பதால் மண்ணும் சுத்தம் என்று முடிவு கட்ட இடமே இல்லை.

சரி, கசிந்தது எங்கே போகிறது? பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, அடர்த்தி 0.74 அளவில் இருக்கும். முதலில் அது மண்துகள்களின் இடைவெளிகளை நனைத்தபடி நேர் கீழே இறங்கும். வழியில் களிமண் பட்டை குறுக்கிட்டால் அதன் மேல் பரவி, விளிம்பு கண்ட இடத்தில் மறுபடி இறங்கும். அதனால் டேங்கிலிருந்து பத்தடி தள்ளி எண்ணெய் இருக்கும், டேங்குக்கு நேர் கீழே இருக்காது என்பதெல்லாம் சகஜம். நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் மிதக்கும். அங்கேயிருந்து பென்சீன் போன்றவை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நீரோட்டத்தின் போக்கில் நீண்டுகொண்டே போகும். இன்னொரு பகுதி ஆவியாகி மேலே வந்து, நிலவறைகளிலும் கேபிள் குழிகளிலும் தேங்கும்.

நம் ஊர் நிலைமையில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் நீர்மட்டம் மேலே வரும். கோடையில் மோட்டார்கள் உறிஞ்ச உறிஞ்சப் பல அடி கீழே போகும். மிதக்கும் எண்ணெயும் கூடவே ஏறி இறங்கும். இறங்கும்போது மண்ணில் அப்பிக்கொண்டே இறங்கும். ஏறும்போது அப்பியதில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று மழைக்காலம் கழிந்தால், மெல்லிய படலமாக இருந்தது பல அடி தடிமனுள்ள கறையாகிவிடுகிறது. பம்பு வைத்து இழுத்தால் வராத எண்ணெய் இதுதான். ஆண்டுகள் இழுபறியாவதற்கு முதல் காரணமும் இதுதான்.

ஆகவே விசாரணை. முறையாகச் செய்பவர்கள் முதலில் காகிதத்தைத்தான் தோண்டுவார்கள்: டேங்க் எந்த ஆண்டு புதைத்தது, பழைய டேங்க் எங்கே இருந்தது, குழாய் எந்த வழியாகப் போகிறது, எப்போது பழுது பார்த்தார்கள், சுற்றியுள்ள வீடுகளில் எத்தனை கிணறு, எத்தனை போர்வெல். இருபது ஆண்டு வேலை பார்த்த ஊழியரிடம் அரை மணி நேரம் பேசினால், எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய தொட்டியின் இடம் தெரிந்துவிடுவதுண்டு. அடுத்து மண்ணுக்குள் மெல்லிய குழாயை இறக்கி அங்குள்ள காற்றை உறிஞ்சிப் பார்ப்பது. இது மலிவு, விரைவு. எங்கே துளையிட வேண்டும் என்று கை காட்டும்.

பிறகு துளை. அழுத்தி இறக்கும் இயந்திரம் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைக்குள் மண்ணை நீளநீளமாக வெளியே கொண்டுவரும். அதைக் கத்தியால் நெடுக்கக் கீறி மேசையில் கிடத்துவார்கள். மேலே கப்பி, அடுத்து பழுப்பு மணல், அதன்கீழ் விரலளவு களிமண், மறுபடி மணல். அந்தக் களிமண்ணுக்குச் சற்று மேலே மணல் திடீரென்று சாம்பல் நிறமாக மாறியிருக்கும். காற்று அற்றுப்போன இடத்தில் நுண்ணுயிர்கள் எரிபொருளைத் தின்னும்போது மண்ணின் இரும்பு நிறம் மாறுவதன் அடையாளம் அது. அரையடிக்கு ஒரு துண்டு வெட்டி ஜிப் பையில் போட்டு, சற்று நேரம் வெயில் படவைத்து, ஆவியை அளக்கும் கையடக்கக் கருவியின் மூக்கை உள்ளே விடுவார்கள். மேல்துண்டுகளில் ஒன்றிரண்டு காட்டும் எண், சாம்பல் மணலில் நூற்றுக்கணக்கில் எகிறும். ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய மண் அதுதான். தண்ணீர் மாதிரியைப் பிடிக்கவும் முறை இருக்கிறது. 40 மில்லி கண்ணாடிக் குப்பியை விளிம்பு தாண்டி நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு குமிழி மேலேறினாலும் போச்சு. பென்சீன் அந்தக் குமிழிக்குள் ஆவியாகி ஒளிந்துகொள்ளும், ஆய்வகம் குறைவான எண்ணைத் தரும். குடிநீர் பாட்டிலில் பிடித்து ஆட்டோவில் வெயிலில் கொண்டுபோன மாதிரிக்கு நற்சான்று கிடைத்தால் அதை நம்பவே கூடாது.

இந்த இடத்தில் நம் நாட்டில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறை அழுத்திச் சொல்லியாக வேண்டும். புகார் வந்ததும் அதிகாரிகள் பக்கத்து வீட்டு போர்வெல்லில் தண்ணீர் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். போர்வெல்லில் மேல்பகுதி முழுக்க வழவழப்பான உறைக் குழாய். தண்ணீர் உள்ளே வருவது வெகு ஆழத்தில். எண்ணெய் இருப்பதோ நீர்மட்டத்தின் மேல்முகத்தில். இரண்டுக்கும் நடுவே நூறு அடி இடைவெளி இருக்கலாம். கண்காணிப்புக் கிணறு என்று தனியாகப் போடுவதன் காரணமே அதன் துளையிட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் சில அடி நீண்டிருக்க வேண்டும் என்பதுதான். துளைப்பகுதி நீருக்குள் மூழ்கிவிட்டால் மிதக்கும் எண்ணெய் குழாய்க்கு வெளியிலேயே நிற்கும். அறிக்கை ‘மாசு இல்லை’ என்று வரும். கோடையில் சரியாகப் போட்ட கிணறுகூட மழைக்குப் பின் மூழ்கிப் பொய் சொல்லும். பழைய உறைகிணறுகளே இந்த வகையில் நேர்மையான சாட்சிகள். அவற்றைத் தூர்த்துவிட்டு போர்வெல்லுக்கு மாறிய தெருக்களில் எச்சரிக்கை செய்ய எதுவும் மிஞ்சவில்லை.

கண்காணிப்புக் கிணறு குறைந்தது மூன்று வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தின் உயரத்தை அளந்தால்தான் தண்ணீர் எந்தத் திசையில் சரிகிறது என்று கணக்கிட முடியும். வீட்டுக்கு வீடு மோட்டார் ஓடும் சென்னைத் தெருவில் அந்தத் திசை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒருமுறை அளந்து வரைந்த அம்புக்குறியை வைத்துக்கொண்டு, இந்த வீட்டுக்கு ஆபத்து, அந்த வீட்டுக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கிணற்றுக்குள் எண்ணெயின் தடிமனை அளக்க நாடா போன்ற ஒரு கருவியை இறக்குவார்கள். எண்ணெயைத் தொட்டால் தொடர்ந்து ஒலிக்கும், தண்ணீரைத் தொட்டதும் விட்டுவிட்டு ஒலிக்கும். இரண்டு ஒலிக்கும் இடையிலான நீளமே தடிமன். இந்த எண்ணை அப்படியே நம்பியவர்கள் ஒரு தலைமுறை முழுக்க ஏமாந்திருக்கிறார்கள். மண்ணில் நீர்மட்டத்துக்கு மேலும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் தண்ணீர் கொஞ்ச உயரம் ஏறி நிற்கும். எண்ணெய் அதன் மேல் படிந்திருக்கும். கிணறு வெறும் குழாய். அதில் அப்படி ஏறி நிற்கும் பகுதி கிடையாது. சுற்றியுள்ள எண்ணெய் உள்ளே வழிந்து, தன் எடையால் நீரைக் கீழே அழுத்திக்கொண்டு சேரும். விளைவாக, மண்ணில் இருப்பதைவிடப் பல மடங்கு தடிமன் கிணற்றில் தெரியலாம். நீர்மட்டம் ஏறும்போது மண்ணில் எண்ணெய் அப்படியே இருக்க, கிணற்றில் மட்டும் மறைந்துவிடுவதும் உண்டு. அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டால் அடுத்த கோடையில் திரும்ப வந்து நிற்கும்.

சுத்தம் செய்யும் முறைகளில் பழையது தோண்டி எடுப்பது. டேங்கை வெளியே எடுக்கும்போதே அதைச் சுற்றி நனைந்த மண்ணையும் அள்ளிவிடுவது நிச்சயமாக நல்லது. மூலத்தை இவ்வளவு விரைவாகக் குறைக்கும் வழி வேறில்லை. அள்ளிய மண்ணை எங்கே கொட்டுகிறார்கள் என்பதை மட்டும் கடைசி வரை பின்தொடர வேண்டும். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் கொட்டினால் மாசு முகவரி மாறியது, அவ்வளவே.

அடுத்து, தண்ணீரை இறைத்துச் சுத்திகரிப்பது. எண்பதுகளில் அமெரிக்கா இதில் பெருஞ்செலவு செய்தது. அந்நாட்டின் தேசிய ஆய்வுக் குழு 1994-இல் 77 இடங்களைப் பரிசீலித்து, மிகப் பெரும்பாலானவற்றில் குடிநீர்த் தரத்தை எட்ட முடியவில்லை என்று அறிக்கை தந்தது. காரணம் மேலே சொன்ன கறை. தண்ணீரை இறைக்க இறைக்க, மண்ணில் சிக்கிய எண்ணெய் புதிதாக வந்த நீரில் மறுபடி கரையும். மாசு மேலும் பரவாமல் தடுக்க இந்த முறை இன்றும் உதவுகிறது; முழுமையாகச் சுத்தம் செய்ய இதை மட்டும் நம்ப முடியாது.

மாற்றம் காற்றிலிருந்து வந்தது. பெட்ரோல் சுலபமாக ஆவியாகும் பொருள் என்பதால், நீர்மட்டத்துக்கு மேலுள்ள மண்ணில் குழாய் இறக்கி வெற்றிட விசிறியால் காற்றை உறிஞ்சினால் ஆவியாகவே வெளியே வந்துவிடும். அதைக் கரித்தூள் வடிகட்டியில் பிடித்துவிடலாம், அல்லது எரிகலத்தில் எரித்துவிடலாம். மணல் மண்ணில் இது பிரமாதமாக வேலை செய்யும், களிமண்ணில் திணறும். எண்பதுகளின் இறுதியில் யூட்டா மாநிலத்தின் ஹில் விமானப்படைத் தளத்தில் விமான எரிபொருள் சிந்திய இடத்தை இப்படிச் சுத்தம் செய்தபோது, கணிசமான பகுதி ஆவியாக வராமல் மண்ணுக்குள்ளேயே நுண்ணுயிர்களால் தின்னப்பட்டது தெரிந்தது. உறிஞ்சியதால் உள்ளே புகுந்த புதிய காற்று அவற்றுக்கு உயிர் கொடுத்திருந்தது.

இந்தக் கண்டுபிடிப்பின் அருமை கணக்கில் தெரியும். ஒரு கிலோ எரிபொருளை முழுதாகத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்குச் சுமார் மூன்றரை கிலோ ஆக்சிஜன் வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவே கரையும். அப்படியானால் ஒரு கிலோ பெட்ரோலுக்கு நாலு லட்சம் லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் மண்ணுக்குள் பாய வேண்டும். அதே ஆக்சிஜன் 13 கன மீட்டர் காற்றில், ஒரு சிறிய அறைக்குள் அடங்கும் காற்றில், இருக்கிறது. சின்ன மோட்டாரை வைத்து மெதுவாக மண்ணுக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் போதும். மீதியை ஏற்கெனவே அங்கே வாழும் நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். ‘எண்ணெய் தின்னும் பாக்டீரியா’ என்று டப்பாவில் விற்பதை வாங்கிக் கொட்டுவதைவிட இது பல இடங்களில் மேல். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்குப் பஞ்சம் காற்றுக்குத்தான், ஆள்பலத்துக்கு இல்லை. நம் மண் ஆண்டு முழுக்கச் சூடாக இருப்பது இந்த முறைக்கு வாய்த்த நல்ல சூழல். குளிர்நாடுகளில் உறைபனிக் காலத்தில் மந்தமாகிவிடும் வேலை இங்கே நிற்காமல் நடக்கும். ரசாயனம் செலுத்தி எரிபொருளை ஆக்சிஜனேற்றுவது, மண்ணையே சூடேற்றுவது போன்றவையும் உண்டு. விரைவு, ஆனால் விலை அதிகம்.

ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மினசோட்டா மாநிலத்தின் பெமிட்ஜி அருகே 1979 ஆகஸ்டில் குழாய் வெடித்து 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் சிந்தியது. எடுக்க முடிந்ததை எடுத்தபின், மீதியை வைத்து அமெரிக்க நிலவியல் துறை அந்த இடத்தையே ஆய்வுக்களமாக்கியது. நுண்ணுயிர்கள் கரைந்த மாசைப் பெருமளவு கட்டுப்படுத்துவதும், எண்ணெய் பல பத்தாண்டுகள் கழித்தும் அங்கேயே கிடப்பதும் இரண்டும் உண்மை என்று அது காட்டியது. 1995-இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் கலிஃபோர்னியாவின் டேங்க் கசிவுகளை ஆராய்ந்து, பெரும்பாலான இடங்களில் பென்சீன் சுமார் 250 அடிக்குள் நின்றுவிடுகிறது என்று கண்டது. இதன் விளைவு பெரியது. எல்லா இடத்தையும் கடைசித் துளி வரை சுத்தம் செய்வதை விட்டு, யாருக்கு எந்த வழியில் ஆபத்து என்று பார்த்து முன்னுரிமை தரும் முறை வந்தது. நியாயமான முறைதான். ஆனால் 250 அடி என்பது அகன்ற அமெரிக்கப் புறநகரில் ஒரு பங்கும் அதன் வாகன நிறுத்தமும். நம் நகரங்களில் அதற்குள் எத்தனையோ வீடுகளும் அவற்றின் கிணறுகளும் வந்துவிடும். அந்த எண்ணை இங்கே ஆறுதலாக எடுத்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன்.

அதே ஆண்டுகளில் அந்தக் கணிப்பைத் தாண்டி ஓடிய ஒரு பொருளும் இருந்தது. புகையைக் குறைக்கப் பெட்ரோலில் எம்டிபிஇ என்ற சேர்மத்தைக் கலந்தார்கள். பென்சீனைவிட இருபது மடங்குக்கும் அதிகமாக நீரில் கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்களும் சுலபத்தில் தொடாது. 1996-இல் சாண்டா மோனிகா நகரம் தன் கிணறுகளை மூட வேண்டியதாகி, குடிநீரில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. காற்றைக் காப்பாற்றச் சேர்த்தது நீரைக் கெடுத்தது. கலிஃபோர்னியா பின்னர் அதைத் தடை செய்தது. நாம் இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறோம். 2025-இல் 20 விழுக்காட்டை எட்டிவிட்டோம். எத்தனால் தானாகச் சிதைந்துவிடும். ஆனால் நுண்ணுயிர்கள் முதலில் அதைத்தான் விரும்பித் தின்னும், மண்ணிலுள்ள ஆக்சிஜனை அதற்கே செலவழித்துவிடும், பென்சீன் தீண்டப்படாமல் இன்னும் தூரம் போகும். பழைய தொட்டிகளில் அடியில் தேங்கும் தண்ணீரை எத்தனால் இழுத்துக்கொண்டு அரிப்பைக் கூட்டவும் செய்யும். எத்தனாலின் லாபநட்டம் பற்றி இவ்வளவு விவாதம் நடக்கிறது. நிலத்தடி நீர் பற்றிய பேச்சு அதில் அநேகமாகக் காணோம்.

அமெரிக்கா இதைச் சமாளித்த விதத்தில் சட்டத்தைப் போலவே நிதி ஏற்பாடும் முக்கியம். 1983-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று கசியும் டேங்குகளை நாடறியச் செய்தது; 1984-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது; 1986-இல் ஒரு காலன் எரிபொருளுக்குப் பத்தில் ஒரு சென்ட் வரி விதித்து அறக்கட்டளை நிதி உருவாக்கியது. பொறுப்பாளர் ஓடிவிட்டாலும் திவாலானாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக. பழைய தொட்டிகளை மேம்படுத்த அல்லது மூட 1998 டிசம்பர் 22 கடைசி நாள் என்று பத்தாண்டு முன்கூட்டியே அறிவித்தார்கள். இதுவரை 5 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் அதிகமான கசிவுகள் உறுதியாகி, அவற்றில் பத்தில் ஒன்பது அளவுக்குச் சுத்தப் பணி முடிந்திருக்கிறது. ஐந்தரை லட்சம் என்பதைப் படிக்கும்போது, நம்மிடம் அப்படியொரு பட்டியலே இல்லாதது கசிவே இல்லாததால் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

அங்கேயும் அதிகாரத்தின் பிடி தளராத இடம் உண்டு. ஹவாயின் ரெட் ஹில் மலைக்குள் கடற்படை 1940 முதல் 1943 வரை குடைந்து கட்டிய 20 ராட்சத டேங்குகள், ஒவ்வொன்றும் சுமார் 4.7 கோடி லிட்டர், ஹொனலூலுவின் குடிநீர் ஊற்றுக்கு நூறு அடி மேலே இருந்தன. 2014-இல் ஒரு லட்சம் லிட்டர் அளவுக்குக் கசிந்தது. குடிநீர் வாரியம் எச்சரித்தது, கடற்படை உறுதிமொழிகள் தந்தது. 2021 நவம்பரில் மறுபடி எரிபொருள் கசிந்து, சுமார் 93,000 பேர் குடிக்கும் தண்ணீரில் கலந்தது. 2022 மார்ச்சில்தான் மூடும் முடிவு வந்தது. எட்டு ஆண்டு இடைவெளி அறிவியல் போதாமையால் வந்தது இல்லை.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் வேறொரு பாடம். அங்கே கசிந்தது பங்க் டேங்க் இல்லை, அனல்மின் நிலையத்தின் கழிவு எண்ணெய். ஆனால் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் விரிசல் வழியாக ஓடும் நீர், மணலில் நடப்பதுபோல மெதுவாக, கணித்துச் சொல்லும்படி நடக்காது. கிணறுகளில் எண்ணெய் கண்ட மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். ஆய்வறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. அந்த வளாகத்தில் பல பத்தாண்டுகளாக மின்சார சபையின் நிலையமும் இருந்ததால், யாருடைய எண்ணெய் என்பதே வழக்காயிற்று. 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், அனல்மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தொடக்கத்திலேயே எண்ணெயின் வேதிக் கைரேகையை எடுத்து, எல்லாரும் ஏற்கும் முறையில் மாதிரிகள் பிடித்திருந்தால், வீட்டுக்காரர்கள் தங்கள் கிணற்றைப் பற்றி நான்கு விதமான பதில் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தியாவில் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் நிலைநாட்டியது. நம் பாலாற்றங்கரையிலிருந்து போன வழக்கு அது. பங்குகளைப் பொறுத்தவரை 2020-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், புதியவை பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி அமைய வேண்டும் என்று வழிகாட்டியது. 2025 ஜூலையில் மாசடைந்த நிலங்களைக் கையாளத் தனி விதிகளே வந்துவிட்டன: சந்தேகத்துக்குரிய இடத்தை அடையாளம் காண்பது, படிப்படியாக ஆராய்வது, பொறுப்பாளரிடம் செலவை வாங்குவது என்று ஒரு வழிமுறை முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது. வரவேற்க வேண்டிய விதிகள். ஆனால் கசிவு வெளியே தெரிந்த பிறகு ஓடுவதற்கான வழி இது. முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பங்கிலும் சரியான ஆழத்தில் மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். கோடையிலும் மழைக்குப் பின்னும் எடுத்த முடிவுகள் அந்தத் தெருவாசிகள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். ஒரு பங்க் தொடங்க ஆகும் செலவோடு பார்த்தால் மூன்று கிணறு பெரிய செலவே இல்லை.

மூடிப்போன பங்குகள் இதைவிட அவசரம். நகரத்தில் நிலத்தின் விலை ஏற ஏற, பழைய பங்குகள் கைமாறி அந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுகின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 வரை விற்ற நாடு இது. அந்தக் காலத்து மண்ணில் ஈயமும் இருக்கலாம், அதை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. அடித்தளத்தில் கார் நிறுத்தம் தோண்டும்போது பெட்ரோல் வாடை அடித்தால் மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு வேலை தொடர்வதைத் தடுக்க இன்று எந்த ஏற்பாடும் நடைமுறையில் இல்லை. டேங்க் வெளியே எடுக்கப்பட்டதா, எடுத்தபோது குழியின் அடியிலும் பக்கங்களிலும் மண் சோதிக்கப்பட்டதா, அந்த அறிக்கை எங்கே என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் அந்த மனைக்குக் கட்டட அனுமதி தரக் கூடாது. வில்லங்கச் சான்றில் அடமானம் தெரிகிறது. அதே மனையில் முப்பது ஆண்டு பெட்ரோல் டேங்க் புதைந்திருந்தது அதில் வராது. வீடு வாங்குபவர்கள் வில்லங்கம் பார்க்கும்போதே இதையும் எழுத்தில் கேட்டு வாங்கத் தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.